அச்சு மை படாத கை

அத்தியாயம் 5

செத்துப்போனவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

பொக்குவாவின் உதவியாள் அனானேதான் எழுந்து போய்க் கொண்டுவந்தான். எட்ட நின்றே நீட்டினான். வாங்கியவனும் எட்டியே வாங்கினான். இரண்டு கைக்கும் நடுவே பாதித் தண்ணீர் தரைக்குப் போயிற்று.

மேஜை மேல் ஒரு சுவரொட்டி விரிந்து கிடந்தது. குமாசி நகரத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் இப்படி ஒன்று ஒட்டியிருக்கும். மேலே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'ஐயோ, என்ன அதிர்ச்சி!' நடுவில் கறுப்பில் இறந்தவர் முகம். கீழே பெயரும் நாளும். தினம் பார்க்கிற சமாசாரம்தான். ஆனால் இந்தச் சுவரொட்டியில் இருந்த முகம் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. இறந்த நாள் என்று போட்டிருந்ததோ, விடிந்தால் வரப்போகிற சனிக்கிழமை.

"பேரு?" என்று கேட்டாள் பொக்குவா.

"சுமினா. லாரி ஓட்டறேன்மா."

அனானேவுக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. "சுமினாவா? குப்பைமேடுன்னு யாருய்யா உனக்குப் பேர் வச்சது?"

"எனக்கு மூத்தது ஒரு அக்கா. நடுவுல பொறந்தது எதுவும் தங்கல. என்னைப் பெத்ததும் குப்பைமேட்டுல கொண்டுபோய்ப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்க வச்சு, அவகிட்டேருந்து காசு கொடுத்து வாங்கிக்கிட்டாங்க. கன்னத்துலயும் கீறி விட்டாங்க." சுமினா தன் கன்னத்திலிருந்த மூன்று சின்னத் தழும்புகளைத் தடவிக்கொண்டான். "அழகா இருந்தா சாவு தூக்கிட்டுப் போயிடுமாம். அசிங்கத்தை யார் தூக்குவா?"

"சரிதான். இப்ப யாரோ அதுக்கு உன் நிஜ விலாசத்தைக் கொடுத்துட்டாங்க."

"அனானே!" என்றாள் பொக்குவா. அவன் வாயை மூடிக்கொண்டான்.

பொக்குவா அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போலீஸில் பெண் கைதிகளுக்குக் காவலாக இருந்தவள். அதை விட்டுவிட்டு, ரேடியோ ரிப்பேர் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, காணாமல் போனதையும் களவு போனதையும் தேடிக் கொடுக்கிறாள். ஆனால் இனிமேல்தான் போகப்போகிற ஓர் உயிரைத் தேடிக்கொண்டு யாரும் இதுவரை அந்தப் படி ஏறியதில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"லாரி முதலாளி அசியாமா. அவர் மூட்டையெல்லாம் கள்ளத்தனமா எல்லை தாண்டிப் போறதை நான் பாத்துட்டேன். கொக்கோ மூட்டை. வெளியில சொல்லிடுவேன்னு ஒரு நாள் கோபத்துல கத்திட்டேன். அன்னியிலேருந்து ரொம்ப அன்பா இருக்காரு."

"எவ்வளவு அன்பா?"

"சட்டைத் துணி வாங்கிக் கொடுத்தாரு."

முதலாளி திடீரென்று சட்டைத் துணி வாங்கிக் கொடுப்பது நல்லதுக்கில்லை என்று அனானேவுக்கும் தெரியும்.

"நாளைக்குத்தான் எஜுராவுக்குக் கிழங்கு ஏத்தப் போறதா இருந்தேன். காலையில எழுந்தா எங்க தெரு முழுக்க என் முகம். சின்னப் பிள்ளைங்க என்னைப் பாத்துட்டு அலறி ஓடுது. அம்மா, நாளைக்கு நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன். எங்கேயாவது போயிடறேன்!"

"எங்கேயும் போகாதே. நேரா உன் அக்கா வீட்டுக்குப் போ. கதவைச் சாத்திக்க. அவ கையால கொடுக்கறதை மட்டும் தின்னு."

"கொனாடு அக்கா வீட்டுலதான்மா நான் இருக்கறதே."

அவன் படியிறங்கிப் போனதும் பொக்குவா சுவரொட்டியைக் கையில் எடுத்து முகத்தைத் தடவிப் பார்த்தாள். "அனானே, தொட்டுப் பாரு."

"வேண்டாம்கா. கடிச்சிடும்."

"பெரிய அச்சகங்கள்ல ஃபோட்டோவைத் தகட்டுல ஏத்தி அடிப்பாங்க. முகம் புள்ளி புள்ளியா விழும். இதுல புள்ளி இல்லை, உளி போன தடம் இருக்கு. தரைக்கு விரிக்கிற லினோலியத் துண்டுல மனுஷன் முகத்தைச் செதுக்கி, மை தடவி அடிக்கிறவன் இந்த ஊர்ல ஒருத்தன்தான்."

"மிரெக்கு! எங்க மாமா போனப்ப அவன்தான்கா செதுக்கினான். மாமா வளர்த்த ஆடு மாதிரி வந்துச்சு. இருந்தாலும் அழுதோம்."

"இது ஆடு மாதிரி இல்லையே. கன்னத்துக் கீறல்கூடப் பிசகல. ஆற அமர உக்காந்து செதுக்கியிருக்கான்." அவள் தாளின் அடியில் விரலை வைத்தாள். "கீழே இவன் பேரைத் தவிர வேற யார் பேரும் இல்லை, கவனிச்சியா? துக்கம் காக்கறவங்கன்னு தாய்மாமன்ல ஆரம்பிச்சு ஒரு பட்டாளமே இருக்குமே. ஒருத்தர்கூட இல்லை."

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே அதைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு ஓரத்திலும் காகிதம் கண்ணாடி போலப் பளிச்சிட்டது.

"எண்ணெய்ப் பொட்டு," என்றான் அனானே. "பொரிச்ச வாழைப்பழத்தைத் தின்னுக்கிட்டே ஒட்டியிருக்கான்கா, பாவி. ஒருத்தன் சாவுல இன்னொருத்தனுக்குத் தீனி."

பொக்குவா சிரிக்கவில்லை. அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

அசாஃபோ சந்தைக்குப் போகிற வழியெல்லாம் பொக்குவாவையும் அனானேவையும் சுவரிலிருந்து சுமினா பார்த்துக்கொண்டே வந்தான். தண்ணீர்க் குழாய்ச் சுவரில் ஒரு சுமினா. மாதாகோயில் மதிலில் மூன்று சுமினா. மீன் விற்கிறவளின் தட்டிக்குப் பின்னால் பாதி சுமினா. பசை இன்னும் காயவில்லை.

"அக்கா, இதை ஒட்டினவன் இங்கேயேதான் எங்கேயோ இருக்கான். நம்மளையும் பாத்திருப்பான்."

"பாத்திருப்பான்."

"இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

மிரெக்குவின் அச்சுக்கூடம் தையல் கடைக்குப் பின்னால் இருந்தது. நுழைந்ததும் அனானே நின்றுவிட்டான். குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஈரச் சுவரொட்டிகளைத் தொங்கப் போட்டிருந்தார்கள். எல்லாம் செத்தவர்கள். கிழவர், கிழவி, ஒரு பாதிரியார். காற்றடித்தபோது அத்தனை பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் மூக்கில் ஏறின.

"வாங்கம்மா, வாங்க. உங்க வீட்டுல யாரு போயிட்டாங்க?" என்று வரவேற்றான் மிரெக்கு. மணிக்கட்டு வரைக்கும் கறுப்புக் கை. காதிலும் கொஞ்சம் மை.

"இன்னும் யாரும் போகல. அதைப் பத்தித்தான் கேக்க வந்தோம்." பொக்குவா சுவரொட்டியை விரித்தாள்.

மிரெக்குவின் முகத்திலிருந்த சிரிப்பு நழுவியது. "அது… யாரோ ஒரு ஆள் வந்து கொடுத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பேரெல்லாம் நான் கேக்கல."

"எப்படி இருந்தான்?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்."

"அதை நீ சொல்லிட்டே," என்றான் அனானே. "கண்ணாடிக்குப் பின்னால ஆள் யாராவது இருந்தானா?"

"அதுக்கு மேல தெரியாதுய்யா! அடிக்கச் சொன்னான், அடிச்சுக் கொடுத்தேன்."

"நீ தனியாவா அடிச்சே?" பொக்குவாவின் குரலில் அவசரமே இல்லை.

"தனியாத்தான்மா. உதவிக்கு இருந்தவன் ஊரைவிட்டே போயிட்டான். எத்தனை மாசமா நான்தானே மை போடறேன், நான்தானே காகிதம் வைக்கிறேன்."

பொக்குவா கயிற்றில் தொங்கிய பாதிரியாரிடம் போனாள். கீழ் ஓரத்தைக் காட்டினாள். கறுப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. கிழவரிடம் போனாள், அங்கேயும் கட்டைவிரல். கிழவியிடம் இரண்டு.

"இது ஊருக்கே தெரியும்கா," என்றான் அனானே. "மிரெக்கு கட்டைவிரல் படாம இந்த ஊர்ல யாரும் மேலோகம் போனதில்லை."

"தனியா வேலை செய்யறவன் கை அப்படித்தான். ரோலரைப் பிடிச்ச கையாலயே தாளையும் தூக்கணும். ஒவ்வொரு தடவையும் கழுவிக்கிட்டிருந்தா விடிஞ்சிடும்." பொக்குவா சுமினாவின் சுவரொட்டியை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "மிரெக்கு, இதுல உன் கட்டைவிரல் எங்கே?"

மிரெக்கு கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து ஒளித்துக்கொண்டான்.

"தெரு நெடுக நின்னு பாத்துட்டு வந்தேன். எல்லாமே சுத்தமா இருக்கு. மை போட்டது ஒரு ஆள். தாளை வச்சு எடுத்தது இன்னொரு ஆள். அந்தக் கையில மை இல்லை, எண்ணெய் இருந்திருக்கு. யாரு அது?"

அப்போதுதான் அனானே அதைப் பார்த்தான். அறைக் கோடியில் ஒரு திரை தொங்கியது. திரைக்கும் தரைக்கும் நடுவே இரண்டு கால்கள் தெரிந்தன.

கறுப்புக் கண்ணாடிக்காரன் இங்கேயேதான் இருக்கிறான்! கத்தி வைத்திருப்பான். முதலில் குத்து வாங்குவது யார்? பக்கத்தில் நிற்பவன். பக்கத்தில் நிற்பது யார்? அனானே. தட்டிலிருந்த பெரிய மர அச்செழுத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டான். எந்த எழுத்து என்று பார்க்கக்கூட இல்லை.

"அ… அக்கா. கால்."

"பாத்துட்டேன். வந்ததுமே பாத்துட்டேன்."

"சொல்லக் கூடாதா!"

"சொன்னா நீ ஓடியிருப்பே." பொக்குவா திரைப் பக்கம் திரும்பினாள். "வெளியில வாம்மா. தலைக்குத் தடவற ஷியா வெண்ணெய் வாசனை இங்கே வரைக்கும் வருது. இந்த மை வாசனைக்குக்கூட அது அடங்கல."

திரை விலகியது. கத்தி இல்லை, கண்ணாடியும் இல்லை. தலை பின்னுகிற கறுப்பு நூல் உருண்டை இடுப்புத் துணியில் செருகியிருக்க, ஒல்லியான ஒரு பெண் நின்றாள். நாள் முழுக்க அடுத்தவள் தலையில் வெண்ணெய் தடவிப் பின்னுகிறவளின் கை, முழங்கை வரை மினுமினுவென்றிருந்தது.

"மிரெக்குவை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் அழுது கேட்டேன். நான் கொனாடு."

"சுமினாவோட அக்காவா?" அனானே மர எழுத்தைக் கீழே விட்டான். அது அவன் காலிலேயே விழுந்தது. "கூடப் பொறந்தவனுக்கே சாவு நோட்டீஸா? பெத்த தாய் மாதிரி நினைச்சிருக்கான்மா அவன் உன்னை!"

"எனக்கும் அவன் பிள்ளைதான்!" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அன்னிக்கு அவனைக் குப்பைமேட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போனதே நான்தான். எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். சாவு பாத்துடக் கூடாதுன்னு இடுப்புத் துணியால மூடிக்கிட்டே ஓடினேன்."

"உக்காரு. என்ன கேள்விப்பட்டே?" என்றாள் பொக்குவா.

"அசியாமாவோட மெக்கானிக் பொண்டாட்டி தலை பின்ன வந்தா. பின்னப் பின்ன அழுதா. அவ புருஷனைப் பிடிச்சு லாரி பிரேக்குல ஏதோ பண்ண வச்சுட்டாங்களாம். ஊருக்குள்ள பிடிக்குமாம். மாம்பொங் மலை இறக்கத்துல அழுத்தி மிதிச்சா பிடிக்காதாம். வாயைத் திறந்தா எம் புருஷன் பொணம்தான்னு என் காலைப் பிடிச்சுக்கிட்டா. நான் சத்தியம் பண்ணிட்டேன்."

"சுமினாகிட்ட?"

"அந்த லாரியைத் தொடாதேன்னேன். ஏன்னு கேட்டான். என்னால சொல்ல முடியல. சிரிச்சுட்டுப் போயிட்டான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அவன் கிளம்பற சனிக்கிழமையையே நாளாப் போட்டேன். அன்னிக்கு அவன் ஏற்கெனவே போயிட்டான்னு ஊர் முழுக்க ஒட்டிட்டா, தேடி வர்ற சாவு அதைப் பாத்துட்டுத் திரும்பிடும்தானே? அப்படித் திரும்பாட்டியும், சாவு நோட்டீஸ் ஒட்டின டிரைவரோட லாரியில யாரு ஏறுவா? ஆள் ஏறாட்டி லாரி கிளம்பாது. நான் வாயைத் திறந்த பாவமும் இல்லை."

அனானேவுக்கு இப்போது கேலி வரவில்லை.

"உன் பேரை ஏன் போடல?" என்று மெதுவாகக் கேட்டாள் பொக்குவா.

"எப்படிம்மா போடுவேன்? என் பேரைப் போட்டா நிஜமாயிடுமே."

மேஜை மேல் புதிதாக அடித்த இன்னொரு கட்டு ஈரத்தோடு மினுங்கியது. லாரி நிலையத்துக்காக அடித்தது என்றான் மிரெக்கு. அவன் கறுப்புக் கையால் கண்ணைத் துடைக்க, கண்ணைச் சுற்றியும் கறுப்பாயிற்று.

அந்த நேரம் தெருவில் ஒரு ஹார்ன் ஒலித்தது. நீளமாக ஒன்று, கோழி கூவுகிற மாதிரி அதன் முடிவில் ஒரு சுழிப்பு.

கொனாடுவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"அது அவன் ஹார்ன்."

அனானே வாசலுக்குப் பாய்ந்தான். மரக்கூண்டு லாரி ஒன்று சந்தை முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்பலகையில் மஞ்சள் எழுத்து: 'இன்னும் இருக்கேன்.'

"நாளைக்கு இந்த ஊர்ல இருக்க மாட்டேன்னானே!" அனானே உள்ளே திரும்பிக் கத்தினான். "அக்கா, சனிக்கிழமைக்குப் பயந்து இன்னிக்கே ஓடறான்! அந்த லாரியிலயே!"

அவனைத் தடுக்க ஒட்டிய காகிதமே அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

"ஐயோ! என் கையாலயே…" என்று அலறினாள் கொனாடு.

"அழ நேரமில்லை. ஆள் ஏத்த நிலையத்துக்குத்தான் போவான். அந்தக் கட்டைத் தூக்கு!" என்றாள் பொக்குவா. "அனானே, பசை வாளி!"

* * *

கெஜெத்தியா லாரி நிலையத்தில் 'எஜுரா! எஜுரா!' என்று உதவியாள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கூண்டு நிறைந்துவிட்டது. வெங்காய மூட்டை, கட்டிப்போட்ட கோழிகள், மடியில் பிள்ளையோடு பெண்கள். ஓட்டும் இடத்தில் சுமினா. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். எஞ்சின் உறுமியது. வாசலில் கை கட்டி நின்றார் அசியாமா. வெள்ளைச் சட்டை, தங்கப் பல். நாளைக்குப் போக வேண்டியவன் இன்றைக்கே போகிறான் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அத்தனை பெண்களும் பிள்ளைகளும் மாம்பொங் இறக்கத்தில். அனானே வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

லாரி நகர ஆரம்பித்தது.

"முன்னாடி போய் நில்லு!" என்றாள் பொக்குவா.

"முன்னாடியா? பிரேக் இல்லாத லாரிக்கா!"

"ஊருக்குள்ள பிடிக்கும்!"

"அதைச் சொன்னது யாருன்னு பாருங்க, மெக்கானிக் பொண்டாட்டி!" என்று கத்திக்கொண்டே ஓடினான். பயம் அவனை எப்போதும் பின்னால் ஓட வைக்கும்; அன்று ஏனோ முன்னால் ஓட வைத்தது. லாரியின் மூக்கில் தாவி ஏறி, வாளியைக் கண்ணாடி மேல் அப்படியே கவிழ்த்தான். கொனாடு கீழிருந்து ஒவ்வொரு தாளாக நீட்ட, கண்ணாடியிலும் பக்கப் பலகையிலும் அறைந்து அறைந்து ஒட்டினான். ஈரத் தாள் ஊடே சுமினா தன் முகத்தையே பார்த்தான். ஒன்று, இரண்டு, நான்கு. பிரேக்கை அழுத்தினான். லாரி குலுங்கி நின்றது.

கூண்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். சுவரொட்டியைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். தொப்பி விழுந்திருந்தது.

"பேய் வண்டி ஓட்டுதுடீ!"

அவ்வளவுதான். கோழி, வெங்காயம், பிள்ளை, பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் கீழே குதித்தன. கண் மூடித் திறப்பதற்குள் கூண்டில் ஒரு ஒற்றைச் செருப்புதான் மிச்சம்.

"யாருடா நீ? என் தொழிலையே கெடுக்கறியா!" அசியாமா பாய்ந்து வந்து அனானேயின் சட்டையைப் பிடித்தார்.

"விடுங்க ஐயா," என்று நடுவே வந்தாள் பொக்குவா. "தப்புதான். ஜனங்க பயந்துட்டாங்க. இந்த லாரிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே காட்டிட்டா எல்லாரும் திரும்ப ஏறிடுவாங்க."

"என்ன காட்டணும்?"

"சுமினா பக்கத்துல ஏறி உக்காருங்க. மாம்பொங் இறக்கம் வரைக்கும் போயிட்டு வந்துடலாம். நானும் வரேன்."

அசியாமா லாரியைப் பார்த்தார். நிலையமே அவரைப் பார்த்தது.

"எனக்கு… வேலை இருக்கு."

"இறக்கத்துல இறங்கி ஏறினாப் போதும்."

"எனக்கு மலை ரோடு ஆகாது. தலை சுத்தும்."

"மாம்பொங்லதானேய்யா உங்க வீடே இருக்கு!" என்றாள் வெங்காயக்காரி.

அசியாமாவின் கை அனானேயின் சட்டையிலிருந்து தானாக நழுவியது. நெற்றியில் வேர்வை. ஒரு அடி பின்னால் வைத்தார். லாரிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அவருக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஒரு டிரைவர் யாரும் சொல்லாமலே லாரிக்கு அடியில் புகுந்தான். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"பிரேக் பைப்பை யாரோ அறுத்து வச்சிருக்கான். நூலிழையில தொங்குது."

சுமினா இறங்கி வந்தான். லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொனாடு ஓடி வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நீயாக்கா ஒட்டினே?"

"நான்தான்டா."

"செத்தே போயிருப்பேன், பயத்துல!"

"பயத்துல யாரும் சாகறதில்லை. இரு. அப்படியே இரு."

அவள் கையை எடுத்தபோது அனானே பார்த்தான். ஈரத் தாள்களை வாரிக்கொண்டு ஓடி வந்ததில் வெண்ணெய்க் கை முழுக்க மை. தம்பியின் கன்னத்தில், அந்த மூன்று தழும்புக்கு மேலே, ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

"அக்கா, துடைச்சு விடட்டுமா?" என்று கேட்டான் அனானே. "மூஞ்சி பாக்கச் சகிக்கல."

"துடைக்காதே," என்றாள் பொக்குவா. "நாளைக்குச் சனிக்கிழமை. சாவு வந்து பாத்துட்டுப் போகட்டும்."